கன்னிமார் குளிக்கும் நேரம்: அயர்லாந்துக் கதைகளும் அமராவதிக் கரையும்

தாராபுரம் வட்டாரத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி மதிய உணவு இடைவேளையில் வீட்டுக்குப் போய் நோட்டு எடுத்துவர வேண்டியிருந்தது. வாய்க்கால் மேட்டு வழியாகப் போனால் ஐந்து நிமிடம். அவளோ சுற்றுவழியில் போய் இருபது நிமிடம் கழித்து வந்தாள். காரணம் கேட்டேன். “உச்சி நேரத்துல அந்தப் பக்கம் போகக் கூடாதுங்க டீச்சர். கன்னிமாரு குளிக்கற நேரமுங்க. எங்க அம்மிச்சி சொல்லியிருக்குதுங்க” என்றாள்.

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். “இதெல்லாம் மூடநம்பிக்கை, உட்கார்” என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். அதன் பிறகு ஒரு வாரம் அந்தக் குழந்தை வகுப்பில் வாய் திறக்கவில்லை. நான் திருத்தியது ஒரு நம்பிக்கையை என்று நினைத்திருந்தேன். அவளுக்குப் பட்டதோ, அவளுடைய அம்மிச்சியை வகுப்பின் நடுவே நிறுத்தி நான் கேலி செய்ததாக.

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது அரசமைப்புச் சட்டம் 51அ பிரிவு ஒவ்வொரு குடிமகனுக்கும் வகுத்த கடமை. ஆசிரியருக்கு அது இரட்டிப்புக் கடமை. அதேவேளையில், வீட்டிலிருந்து குழந்தை கொண்டுவரும் சொல்லையும் கதையையும் மதிப்பதும் நம் கடமைதான். இரண்டையும் ஒரே வகுப்பறையில் எப்படிச் செய்வது? இதற்கு விடை தேடியபோது, எனக்குக் கைகொடுத்தது நாம் அதிகம் பேசாத ஒரு நாடு, அயர்லாந்து.

அயர்லாந்தின் அண்டை வீட்டார்

தேவதை என்றதும் வண்ணத்துப்பூச்சிச் சிறகும் கையில் மந்திரக்கோலும் கொண்ட குட்டிப் பெண்தான் நம் மாணவர்களின் நினைவுக்கு வரும். அது படப்புத்தகங்களும் திரைப்படங்களும் தந்த உருவம். அயர்லாந்தின் கிராமத்துப் பெரியவர்கள் சொன்ன கதைகளில் அவர்கள் பெரும்பாலும் மனிதரைப் போன்றவர்கள். ஆடு மாடு வளர்ப்பார்கள், விருந்து வைப்பார்கள், இசைப்பார்கள், மட்டைப்பந்து ஆடுவார்கள், தங்களுக்குள் சண்டையும் போட்டுக்கொள்வார்கள். கண்ணுக்குத் தெரியாத அண்டை வீட்டார் என்று சொல்லலாம். ஐரிஷ் மொழியில் அவர்களுக்கு ‘ஷீ’ என்று பெயர். அவர்கள் வாழும் மேட்டுக்கும் அதே சொல்தான். குடும்பத்தில் ஒருவர் இறப்பதற்கு முன் வீட்டருகே ஒப்பாரி வைப்பதாகச் சொல்லப்படும் ‘பான்ஷீ’ என்ற பெயரின் பொருள் ‘ஷீ பெண்’ என்பதே.

அவர்களுக்கு உரிய இடங்களும் உண்டு. வயலின் நடுவே வட்டமாக மண்கரை சூழ்ந்த பழைய மேடுகள் அயர்லாந்து முழுவதும் இருக்கின்றன. இன்று எஞ்சியிருப்பவை சுமார் 45,000 என்று கணக்கிடுகிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு உழவர் குடும்பங்கள் வாழ்ந்த குடியிருப்புகள் என்பது தொல்லியலாளர் முடிவு. மக்களோ அவற்றைத் தேவதைக் கோட்டைகள் என்றார்கள். அங்கே மண்ணெடுத்தால் கை விளங்காமல் போகும், மரம் வெட்டினால் மாடு சாகும் என்று அஞ்சினார்கள். அந்த அச்சத்தால் உழவர்கள் ஏர் ஓட்டும்போது அந்த மேட்டைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சட்டம் வருவதற்கு முன்பே தொல்லியல் சின்னங்களைக் காத்தது பாட்டிமார் சொன்ன கதை.

இது பழங்கதை மட்டுமன்று. 1999-ஆம் ஆண்டு கிளேர் மாவட்டத்தில் லட்டூன் என்னும் இடத்தில் நெடுஞ்சாலைப் பணி நடந்தபோது, வழியில் ஒற்றை முள்மரம் ஒன்று நின்றது. தேவதைகள் கூடும் மரம் அது, அதை வெட்டக் கூடாது என்று எட்டி லெனிஹன் என்ற கதைசொல்லி செய்தித்தாளுக்கு எழுதினார். செய்தி உலகெங்கும் பரவியது. கடைசியில் மரத்தை விட்டுவைத்தே சாலையை அமைத்தார்கள். சாலை போட்ட பொறியாளர்கள் எல்லோரும் தேவதைகளை நம்பினார்கள் என்று இதற்குப் பொருளில்லை. ஊரின் நினைவுக்கு ஒரு மரியாதை கொடுத்தார்கள், அவ்வளவே.

நம் ஊரில் இதைப் படிக்கும் எவருக்கும் உடனே ஏதோ ஒரு புளியமரம் நினைவுக்கு வந்திருக்கும்.

ஏழு கற்கள்

கொங்கு நாட்டில் ஆற்றங்கரை, வாய்க்கால் மேடு, கிணற்றடி, தோட்டத்து எல்லை என்று நீர் இருக்கும் இடங்களில் வரிசையாக ஏழு கற்கள் நட்டிருப்பதைப் பார்க்கிறோம். வேப்பமரமோ அரசமரமோ நிழல் தரும். சில இடங்களில் காவலுக்குக் கருப்பராயனோ முனியப்பனோ இருப்பார். இவர்களே கன்னிமார். பெருங்கோயில் மரபில் பிராமி, மகேசுவரி, கௌமாரி, வைணவி, வராகி, இந்திராணி, சாமுண்டி என்று ஏழு தாயர் உண்டு. கன்னிமாரை அவர்களோடு இணைத்துச் சொல்பவர்களும் உண்டு. தோட்டத்து மூலையில் பொங்கல் வைக்கும் அம்மிச்சிக்கு அந்தப் பெயர்களெல்லாம் தேவையில்லை. “ஏழு பொண்ணுங்க, அக்கா தங்கச்சிங்க” என்பதோடு அவருக்குக் கதை முடிகிறது, அல்லது தொடங்குகிறது.

ஆடிப்பெருக்கு நாளில் அமராவதிக் கரையிலும் காவிரிக் கரையிலும் பெண்கள் கன்னிமாரை வணங்குவதும், காதோலை கருகமணி, வளையல், பூ வைப்பதும் நாம் அறிந்தவை. நடு மத்தியானத்திலும் நிலா வெளிச்சத்திலும் கன்னிமார் நீராட வருவார்கள், கொலுசுச் சத்தம் கேட்கும், அந்த நேரத்தில் தனியே நீர்நிலைக்குப் போகக் கூடாது என்பது பெரியவர்கள் சொல்லும் கட்டுப்பாடு.

இந்த மரபின் வேர் மிக ஆழமானது. மலையிலும் நீரிலும் மரத்திலும் உறையும் ஆற்றலைச் சங்க இலக்கியம் ‘அணங்கு’ என்றும் ‘சூர்’ என்றும் குறிக்கிறது. மலையில் வாழும் வரையரமகளிர் பற்றிய செய்திகளும் அதில் வருகின்றன. நமக்கு அருகிலுள்ள கொல்லிமலையின் பாவை சங்கப் புலவர்கள் பலர் பாடிய ஒன்று. அச்சம் என்னும் மெய்ப்பாடு பிறக்கும் நான்கு நிலைக்களங்களை எண்ணும் தொல்காப்பியம், அவற்றில் முதலாவதாக வைப்பது அணங்கை. ஆகவே, வாய்க்கால் மேட்டைச் சுற்றிப்போன அந்த மாணவி, தன்னை அறியாமலே மிகப் பழைய ஒரு சொல்லின் பொருளோடு நடந்திருக்கிறாள். அதைத்தான் நான் ‘உட்கார்’ என்று சொல்லி முடித்துவிட்டேன்.

பெயர் சொல்லாத மரியாதை

அயர்லாந்துக் கிராமத்தார் தேவதைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடத் தயங்குவார்கள். ‘நல்லவர்கள்’ என்பார்கள். அவர்கள் நல்லவர்கள் என்பதால் இல்லை, கோபித்துக்கொள்ளக் கூடாதே என்பதால். தமிழாசிரியருக்கு இது புதிதா? கொடிய நஞ்சுடையதை ‘நல்ல பாம்பு’ என்கிறோம். நோயை ‘அம்மை’ என்கிறோம், கொப்புளத்தை ‘முத்து’ என்கிறோம். விளக்கை அணை என்னாமல் ‘குளிர வை’ என்கிறோம். தகுதி வழக்கில் ‘மங்கலம்’ என்று நாம் நடத்தும் இலக்கணப் பகுதி இதுதான். பாடநூல் எடுத்துக்காட்டோடு நிறுத்தாமல், “உங்கள் வீட்டில் எதை எல்லாம் நேரடியாகப் பெயர் சொல்ல மாட்டார்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். கரும்பலகை நிறையும்.

இரும்பு இன்னோர் ஒற்றுமை. அயர்லாந்தில் தொட்டிலின் மேல் இரும்பு இடுக்கியைக் குறுக்கே வைப்பார்கள், தேவதைகள் குழந்தையை எடுத்துப் போகாமலிருக்க. நம் வீடுகளில் பச்சைக் குழந்தையின் பக்கத்தில் இரும்புத் துண்டும் வேப்பிலையும் வைப்பார்கள். இரவில் கறிச்சோறு கொண்டு போனால் கூடவே ஒரு கரித்துண்டு. ஒருவரையொருவர் பார்த்தறியாத இரு மக்கள் ஒரே மாதிரி நினைத்தது எப்படி? மேல்வகுப்பு மாணவர்கள் விவாதிக்கத் தகுந்த கேள்வி இது.

கதைக்குள் இருக்கும் துயரம்

இரு நாட்டுக் கதைகளையும் அருகருகே வைத்துப் படித்தால் ஒன்று புலப்படும். அயர்லாந்தில் தேவதைகள் ‘எடுத்துப் போனதாக’ச் சொல்லப்பட்டவர்களில் கைக்குழந்தைகளும் பிள்ளை பெற்ற இளம் தாய்மாரும் அதிகம். நம் வீடுகளிலோ மணமாகாமல் இறந்துபோன பெண்ணைக் ‘கன்னி’ என்று வைத்துப் புதுத்துணி படைப்பது பல குடும்பங்களின் வழக்கம். மருத்துவம் எட்டாத காலத்தில் திடீரென்று போய்விட்ட உயிர்களுக்கு மக்கள் கொடுத்த விளக்கமும் ஆறுதலும் இந்தக் கதைகளில் இருக்கின்றன. தமிழ்நாட்டின் நாட்டார் தெய்வங்கள் பலவும் அநியாயமாகக் கொல்லப்பட்ட மனிதர்களே என்பதை நா. வானமாமலை முதலான ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். எனவே ஒரு குழந்தை சொல்லும் ‘பேய்க்கதை’, அந்த வீட்டில் இன்னும் ஆறாத ஒரு சாவாக இருக்கக்கூடும். சிரிப்பதற்கு முன் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கதை எங்கே நிற்க வேண்டும்?

கதையை மதிப்பது என்றால் எல்லாவற்றையும் ஏற்பது என்று பொருளில்லை. இதற்கும் அயர்லாந்திலேயே ஒரு கசப்பான பாடம் உண்டு. 1895-இல் டிப்பெரரி மாவட்டத்தில் பிரிட்ஜெட் கிளியரி என்ற இளம் மனைவி நோயில் படுத்தார். இவள் என் மனைவி இல்லை, தேவதைகள் மாற்றிவைத்துவிட்டுப் போன வேறொருத்தி என்றான் கணவன். உறவினர்களையும் வைத்துக்கொண்டு அவரை வதைத்தான். அவர் எரிந்து இறந்தார், கணவன் சிறை சென்றான். கதை, மருந்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டதால் ஓர் உயிர் போயிற்று.

நம் மாநிலத்திலும் இதை ஒத்த நினைவு உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலம் பாதிக்கப்பட்டோரை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் 28 பேர் தப்ப முடியாமல் இறந்தார்கள்.

எங்கள் பள்ளியிலேயே ஒரு மாணவனுக்கு அடிக்கடி வெட்டி வெட்டி இழுத்தது. “முனி அடிச்சிருச்சு” என்று வீட்டில் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். ஒரு வருடம் போயிற்று. பள்ளிக்கு வந்த சிறார் நலப் பரிசோதனைக் குழுவின் மருத்துவர் பார்த்த பிறகுதான் அது வலிப்பு நோய் என்று வீட்டார் ஒப்புக்கொண்டார்கள். “கயிறு கையிலேயே இருக்கட்டும், மாத்திரையையும் தவறாமல் குடுங்க” என்றார் அந்த மருத்துவர். அதில் எனக்குப் பாடம் இருந்தது. சாமியைப் பற்றி அவர் வாதம் செய்யவில்லை. மாத்திரையில் விட்டுக்கொடுக்கவும் இல்லை.

ஆகவே நமக்கு எல்லைக்கோடு தெளிவாக இருக்க வேண்டும்.

• உடல்நலம், மனநலம்: மயக்கம், வலிப்பு, திடீர் மௌனம், தூக்கமின்மை, தனக்குள் பேசுதல் ஆகியவற்றுக்குக் கதை விளக்கமாகாது. மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். 104 என்ற மருத்துவ உதவி எண்ணைப் பெற்றோருக்குச் சொல்லலாம்.

• பாதுகாப்பு: ஒரு குழந்தை திடீரென்று ஓர் இடத்துக்கோ ஒரு வீட்டுக்கோ போக அஞ்சினால், ‘பேய்’ என்று அவள் சொல்வது வேறொன்றாகவும் இருக்கலாம். தனியே, பொறுமையாகக் கேளுங்கள். தேவைப்பட்டால் 1098.

• தீண்டாமை: ‘அவங்க தொட்டா சாமி கோவிச்சுக்கும்’ என்று முடியும் கதையை எந்தக் காரணத்துக்காகவும் வகுப்பறையில் ஏற்கக் கூடாது.

• நீர்நிலை: கன்னிமார் பயம் குழந்தையைத் தண்ணீரிலிருந்து தள்ளி வைத்திருக்கலாம். ஆனால் பயத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது. வாய்க்கால் நீரின் வேகம், வழுக்கும் கரை, ஆழம் தெரியாத குட்டை ஆகியவற்றைக் காரணத்தோடு சொல்லிக்கொடுக்க வேண்டும். காரணம் புரிந்த குழந்தை, கதையை மறந்த பிறகும் கவனமாக இருக்கும்.

50,000 மாணவர்கள் எழுதிய களஞ்சியம்

இனி நமக்கு மிகவும் பயன்படும் பகுதிக்கு வருவோம். 1935-இல் அயர்லாந்து அரசு நாட்டார் வழக்காற்று ஆணையம் ஒன்றை அமைத்தது. ஊர் ஊராகப் போய்க் கதை திரட்ட அதனிடம் ஆட்கள் குறைவு. பெரியவர்களோ ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருந்தார்கள். அப்போது அவர்கள் நாடியது பள்ளிக்கூடங்களை. கல்வித்துறையும் ஆசிரியர் சங்கமும் துணை நின்றன.

1937 முதல் 1939 வரை நடந்த திட்டம் அது. 11 முதல் 14 வயது வரையுள்ள மாணவர்கள் வாரந்தோறும் எழுதும் கட்டுரைக்குப் பதிலாக, வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் உள்ள முதியவர்களிடம் கேட்டு வந்து எழுதினார்கள். ஆசிரியர்களுக்கு 55 தலைப்புகள் கொண்ட கையேடு தரப்பட்டது. தேவதைக் கதைகள் மட்டுமா? ஊர்ப்பெயர், கிணறு, விளையாட்டு, கைமருந்து, வெண்ணெய் கடைதல், பஞ்சகாலம், வானிலைக் குறி, பழைய கைத்தொழில் எல்லாம் அதில் இருந்தன. மாணவர் எழுதியவற்றில் தேர்ந்தவை ஒரு பெரிய பள்ளிக் குறிப்பேட்டில் படியெடுக்கப்பட்டன.

சுமார் 5,000 பள்ளிகள், சுமார் 50,000 மாணவர்கள், ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். இன்று அவை டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் பாதுகாக்கப்பட்டு, இணையத்தில் எல்லோரும் படிக்கக் கிடைக்கின்றன. ஆணையத்தின் தொகுப்பு 2017-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. பாட்டியிடம் கேட்டு ஒரு சிறுமி எழுதிய பக்கத்தை எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு அவளுடைய பேரப்பிள்ளைகள் தேடிப் படிக்கிறார்கள். யேட்ஸ் போன்ற பெருங்கவிஞர் 1888-இலேயே தேவதைக் கதைகளைத் தொகுத்து வெளியிட்டார். ஆனால் நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் எட்டியது பள்ளிப் பிள்ளைகளின் பென்சில்தான்.

நம் பக்கத்திலும் முன்னோடிகள் உண்டு. 1965-இல் காங்கயத்துக்கு அருகே ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்த பிரெண்டா பெக், உடுக்கடித்துப் பல இரவுகள் பாடப்பட்ட அண்ணன்மார் கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தார். அது 1992-இல் தமிழும் ஆங்கிலமுமாக நூலாக வந்தது. பொன்னர், சங்கர், அவர்களின் தங்கை பற்றிய அந்தக் கதை ஊருக்கு ஊர் வேறுபடும். கரிசல் காட்டில் கி. ராஜநாராயணனும் கொங்குச் சொற்களை அகராதியாக்கிய பெருமாள்முருகனும் செய்த பணியும் இத்தகையதே. அவர்கள் தனியாகச் செய்ததை நம் வகுப்புகள் சேர்ந்து செய்ய முடியும்.

நம் வகுப்பில் எப்படித் தொடங்கலாம்?

நூறு பக்க நோட்டு ஒன்று போதும். ‘எங்க ஊர்க் கதை’ என்று அட்டையில் எழுதுங்கள். நான் வகுப்பில் கொடுத்த கேள்விகள் இவை:

1. உங்கள் ஊருக்கு, ஓடைக்கு, குளத்துக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது? (நம் வட்டாரத்தில் நல்லதங்காள் ஓடை அணை இருக்கிறது. அந்தப் பெயருக்கு வீட்டில் என்ன சொல்கிறார்கள்?)
2. வெட்டக் கூடாது என்று விட்ட மரம் எது? ஏன்?
3. உச்சி வேளையில், இரவில் போகக் கூடாது என்று சொல்லும் இடம் எது?
4. கன்னிமார் கல் எங்கே இருக்கிறது? பக்கத்தில் என்ன மரம், என்ன நீர்நிலை?
5. தறியும் பனியன் கம்பெனியும் வருவதற்கு முன் இங்கே என்ன வேலை செய்தார்கள்?
6. பாட்டிக்குப் பாட்டி சொன்ன கதை ஒன்று.

எழுதும்போது சில ஒழுங்குகள் வேண்டும். கதை சொன்னவரின் உறவுமுறை, ஏறக்குறைய வயது, ஊர், கேட்ட நாள் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். அவர்கள் பேசிய பேச்சிலேயே எழுத விடுங்கள். ‘இருக்குதுங்க’ என்பதைச் சிவப்பு மையால் திருத்த வேண்டாம். சாதி பற்றிய கேள்வி எதுவும் கேட்கக் கூடாது. வீட்டின் அந்தரங்கத் துயரம் என்று தோன்றினால், அதை வகுப்பில் படிக்காமல் தனியே வைத்துவிடுங்கள். நீர்நிலையையோ பாழடைந்த கிணற்றையோ பார்க்கப் பெரியவர் துணையின்றி யாரையும் அனுப்பக் கூடாது.

முக்கியமாக, ‘இங்கே எங்களுக்குப் பாட்டி இல்லை’ என்று சொல்லும் பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். பனியன் தொழிலை நம்பித் தென் மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்தும் வந்த குடும்பங்களின் குழந்தைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். தமிழ் எழுதத் தடுமாறும் குழந்தைக்கும் ஊரில் ஒரு பாட்டி இருப்பார், கைப்பேசியில் கேட்கலாம். அவன் படம் வரையட்டும், பக்கத்து மாணவன் எழுதட்டும். கதையில் எந்த ஊர்ப்பிள்ளையும் அயலானில்லை.

இந்த நோட்டு பல பாடங்களுக்கு உதவும். தமிழில் வட்டார வழக்கும் மங்கலமும், சமூக அறிவியலில் ஊர் வரைபடம், அறிவியலில் மரங்களும் நீர்நிலைகளும், ஆங்கிலத்தில் கதையைச் சுருக்கிச் சொல்லுதல், தொடக்க வகுப்பில் வாய்மொழிக் கதைநேரம். நன்றாக அமைந்தவற்றை ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களுக்கு மாணவர்களே அனுப்பலாம்.

கடைசியாக ஒன்று. ‘இது உண்மையா டீச்சர்?’ என்று குழந்தைகள் கட்டாயம் கேட்பார்கள். பொய் சொல்ல வேண்டாம், தட்டிக்கழிக்கவும் வேண்டாம். “கன்னிமார் வந்து குளிப்பதை நான் பார்த்ததில்லை, அதற்குச் சான்றும் இல்லை. ஆனால் உன் அம்மிச்சி உன்னைத் தண்ணீர்ப் பக்கம் தனியே விடக் கூடாது என்று நினைத்தது உண்மை” என்று நான் சொல்கிறேன். எது சான்று, எது கதை, கதைக்குள் இருக்கும் அக்கறை எது என்று மூன்றையும் பிரித்துப் பார்க்கக் கற்ற குழந்தைதான் அறிவியல் மனப்பான்மை பெற்ற குழந்தை.

அந்த மாணவியிடம் பிறகு மன்னிப்புக் கேட்டேன். முதல் பக்கத்தை அவளையே எழுதச் சொன்னேன். மறுவாரம் அவளுடைய அம்மிச்சியே பள்ளிக்கு வந்தார். முக்கால் மணி நேரம் பேசினார், சிரித்த பிள்ளைகள்தான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். புறப்படும்போது, “இதையெல்லாங்கூடப் பள்ளிக்கூடத்துல கேப்பாங்களா சாமி?” என்றார்.

கேட்க வேண்டும் என்றே தோன்றுகிறது. இந்த வாரக் கட்டுரைப் பயிற்சியில் ஒரு பக்கத்தை அதற்கு ஒதுக்கிப் பாருங்கள்.